பெட்ரோல் மூடியில் நான் அடைத்த ஓட்டை

கார் நடுவழியில் நின்றதற்கு யார் காரணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்தான். காரும் இல்லை, காரை விற்ற வக்கீலும் இல்லை, மெட்ராஸ் வெயிலும் இல்லை. இதைக் கண்டுபிடிப்பதற்கு இரண்டு நிபுணர்களும் ஒரு நோட்டுப் புத்தகமும் மூன்று மாதமும் தேவைப்பட்டன. அப்படியும் அவர்கள் கண்டுபிடிக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் ஆவடியில், ராணுவத்துக்கு டாங்கி செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் எனக்கு வேலை. என்ன சோதனை என்றால், ஓட்டை தேடும் சோதனை. டாங்கி ஆற்றுக்குள் இறங்கி அக்கரை ஏற வேண்டும். உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் போகக் கூடாது. அதற்காக மூடி, கதவு, இடுக்கு, போல்ட் என்று எல்லாவற்றையும் ரப்பரும் பசையும் வைத்து அடைத்து, குளம் மாதிரி இருக்கும் ஒரு தொட்டியில் இறக்கிப் பார்ப்போம். ஒழுகினால் என் கையெழுத்து விழாது. பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாம் என் கையெழுத்துக்காகத் தொட்டி ஓரம் காத்து நின்றிருக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படியே வேலை பார்த்தவன் புத்தி எப்படிப் போகும்? வீட்டில் தோசையில் ஓட்டை விழுந்தால்கூட எனக்குப் பொறுக்காது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பழைய கார் வாங்கினேன். வேப்பேரிப் பக்கம் ஒரு வயதான வக்கீல் இருபது வருடம் ஓட்டிய வண்டி. வெளிர் நீலம், ஸ்டியரிங் தண்டிலேயே கியர், ஹாரன் அடித்தால் ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் எல்லாரிடமும் சைக்கிள், வசதியான இரண்டு பேரிடம் ஸ்கூட்டர். கார் என்றால் என்னுடையது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் காரில் போய் இறங்கியபோது போதகரே வாசலுக்கு வந்து வண்டிக்கு ஜெபம் பண்ணினார். அந்த மிதப்பு ஒரு வாரம் எனக்கு இறங்கவில்லை.

வாங்கிய கையோடு வண்டியை இண்டு இடுக்கு விடாமல் பார்த்தேன். பெட்ரோல் ஊற்றும் இடத்தின் மூடியில், நட்ட நடுவில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. அடப் பாவமே, இத்தனை வருடமும் இந்த மனுஷன் ஓட்டையை வைத்துக்கொண்டா ஓட்டியிருக்கிறார்! மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகும், வெயில் அடித்தால் பெட்ரோல் ஆவியாகப் போகும். ஒரு வக்கீலுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நல்ல பசையாக வாங்கி வந்து ஓட்டையை அடைத்தேன். அடியில் கனமான ரப்பரில் ஒரு வளையம் வெட்டிப் பொருத்தினேன். வாளித் தண்ணீரில் முக்கி ஊதிப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. அப்படி ஒரு திருப்தி எனக்கு டாங்கியில்கூடக் கிடைத்ததில்லை.

அந்த வாரத்திலிருந்து வண்டி நிற்க ஆரம்பித்தது.

காலையில் வாசலில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும். ஏழெட்டு கிலோமீட்டர் போனதும் ஒரு திணறல், இரண்டு குலுக்கல், அவ்வளவுதான். அம்பத்தூர்ப் பக்கம் போனால் ஓ.டி. பஸ் ஸ்டாண்ட் தாண்டி நிற்கும். பூந்தமல்லிப் பக்கம் போனால் கரையான்சாவடி வருவதற்குள் நிற்கும். சாவியைத் திருப்பினால் கர் கர் என்று சுற்றும், பிடிக்காது. மரத்தடியில் இருபது நிமிஷம் நின்றுவிட்டு வந்து திருப்பினால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும்.

வண்டி நிற்கிறது என்று தெரிந்ததும் குவார்ட்டர்ஸ் கூடிவிட்டது. எங்கள் ஆட்களைச் சும்மா சொல்லக் கூடாது. ஊரில் மற்றவர்கள் கோளாறு என்றால் மெக்கானிக்கிடம் போவார்கள். நாங்கள் நோட்டுப் புத்தகம் எடுப்போம். தொழிற்சாலையில் அதுதான் பழக்கம். ஒரு இன்ஜின் ஓடவில்லை என்றால் யாரும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. முதலில் கோளாறை எழுத வேண்டும். இன்ஜின் பிரிவு பார்த்துக் கையெழுத்துப் போடும், மின்சாரப் பிரிவு பார்த்துக் கையெழுத்துப் போடும், சோதனைப் பிரிவும் பார்த்துப் போடும். ஒருவர் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்ட பாகத்தை அடுத்தவர் தொடக் கூடாது. தொட்டால் அவர் வேலையைச் சந்தேகப்படுவதாக அர்த்தம். விஷயம் சங்கம் வரைக்கும் போய்விடும்.

எதிர்வீட்டில் இன்ஜின் பிரிவு, மதுரைக்காரர். மாடியில் மின்சாரப் பிரிவு, வேலூர்க்காரர். சோதனைப் பிரிவு நானே. ஆக, விசாரணைக் குழு என் வீட்டு வாசலிலேயே முழுசாக அமைந்துவிட்டது. ஒரு புது நோட்டு வாங்கி, கோடு போட்டு, முதல் வரியை நான் எழுதினேன்: ‘பெட்ரோல் மூடி. சோதித்தது. ஒழுகல் இல்லை. சரி.’ கையெழுத்தும் போட்டேன். அத்தோடு அந்த மூடி விசாரணையிலிருந்து விடுதலை ஆகிவிட்டது.

“சூடுண்ணே,” என்றார் மதுரைக்காரர். “பம்புல பெட்ரோல் சூடாகி ஆவியாப் போகுது. ஈரத்துணி சுத்துங்க, சொன்ன பேச்சு கேக்கும்.”

“சூடுதான் சார், ஆனா பம்புல இல்ல,” என்றார் வேலூர்க்காரர். “காயில் சூடாயிடுது. அப்பறம் தீப்பொறி எங்கருந்து வரும்? ஆற உட்டா உயிர் வருதா இல்லியா, நீங்களே சொல்லுங்க.”

இதில் ஒரு வேடிக்கை. பம்புக்கு ஈரத்துணி சுற்றி, அது ஆறும்வரை இருபது நிமிஷம் காத்திருந்தால் வண்டி ஓடியது. காயிலைக் கழற்றி, விசிறி, திரும்ப மாட்ட இருபது நிமிஷம் ஆனால் அப்போதும் ஓடியது. மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று உள்ளே போக அந்த இருபது நிமிஷம் போதும் என்பது எங்களுக்குத் தெரியாது. அதனால் இரண்டு பேர் சொன்னதும் ஒவ்வொரு தடவையும் நிரூபணம் ஆனது. இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் அவரவர் வெற்றியை எழுதிக்கொண்டார்கள். நோட்டு பாதி நிறைந்துவிட்டது. வண்டி நின்றுகொண்டே இருந்தது.

என் மனைவி மட்டும் வேறு மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திருமுல்லைவாயிலில் ஒரு பள்ளியில் ஆறு வருடமாகத் தற்காலிகத் தமிழாசிரியை. ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை முடியும். ஜூனில் திரும்பக் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இரண்டு மாதம் இருப்பாள். முகப்பேரில் வேறொரு பள்ளியில் நிரந்தரமாக ஒரு இடம் இருக்கிறது, காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வுக்கு வரவும் என்று கடிதம் வந்த அன்று, அடுப்பங்கரையில் நின்று அழுதேவிட்டாள்.

“இது ஒண்ணு மட்டும் கிடைச்சிட்டா போதும்ங்க. இனி ஏப்ரல் மாசத்துக்குப் பயப்பட வேண்டாம்,” என்றாள்.

பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றுதான் முதலில் சொன்னாள். நான் விடுவேனா? வாசலில் கார் நிற்கும்போது என் மனைவி பஸ்ஸில் இடிபட்டுக் கசங்கிப் போய் நிற்பதா? காரில்தான் போக வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். அவள் வாசல் வரைக்கும் வந்து காரைப் பார்த்தாள்.

“அப்படின்னா நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படக் கூடாது. வழியில பெட்ரோல் போட்ட அன்னைக்கெல்லாம் வண்டி நிக்கவே இல்ல. கவனிச்சீங்களா? அந்த மூடியில ஏதோ இருக்கு. அதைக் கொஞ்சம் பாருங்க.”

விசாரணைக் குழு அப்போது வாசலில் காபி குடித்துக்கொண்டிருந்தது. மூன்று பேரும் சிரித்தோம். “பெட்ரோல் போட்டா வண்டி ஓடத்தானே செய்யும் தங்கச்சி,” என்றார் மதுரைக்காரர். அவள் சொன்னது நோட்டில் ஏறவில்லை. எந்தப் பிரிவின் கீழ் ஏற்றுவது? அவள் தமிழ் வாத்தியார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, பூந்தமல்லி தாண்டி வேலப்பன்சாவடியில் வண்டி நின்றது. மதுரைக்காரரும் என்னோடு இருந்தார். நின்ற இடத்துக்கு எதிரே, நெடுஞ்சாலை ஓரமாக, ஒரு மெக்கானிக் கொட்டகை. அந்த ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காதில் ஒரு பீடியைச் செருகிக்கொண்டு வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இன்ஜின் பக்கமே போகவில்லை. நேராகப் பின்னால் போய்ப் பெட்ரோல் மூடியைத் தொட்டுப் பார்த்தார்.

“இன்னா சார், மூடிய இந்த அமுக்கு அமுக்கி வெச்சிகிறே? காத்து எப்டி உள்ள பூரும்?”

“காத்து எதுக்குய்யா உள்ள போகணும்?” என்றேன்.

“எண்ணெ டின்னுல ஒத்த ஓட்ட போட்டு கவுத்துப் பாரு. ஊத்துதா? இன்னொரு ஓட்ட போட்டாத்தான ஊத்தும்? அத்தே கததான் இது. பெட்ரோலு போவப் போவ அந்த எடத்துக்குக் காத்து வரணும். வல்லன்னா பம்பு இன்னாத்த இய்க்கும்? மூடிய குடு, ஒரு குத்து குத்தித் தரேன். ரெண்டு நிமிட்டு வேல.”

மதுரைக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. “யோவ், நாங்க யாரு தெரியுமா? டாங்கி செய்யிறவங்க. ஆத்துக்குள்ள முக்கி எடுக்கிறோம். எங்க வேலையில நீ ஓட்டை போடுறியா?”

“ஆத்துல உடறீங்கோ, சரி. அதுக்கு மேல நீட்டமா ஒரு கொயா வெக்கிறீங்களே, லாரில ஏத்திகினு போறப்போ பாத்துகீறேன். அது இன்னாத்துக்கு வெக்கிறீங்கோ?”

அந்தக் குழாயைப் பொருத்திப் பார்ப்பதே என் பிரிவுதான். தண்ணீருக்குள் டாங்கி மூச்சு விடுவதற்கு. பன்னிரண்டு வருடமாக டாங்கிக்கு மூச்சு விட வழி செய்து கொடுத்தவன், சொந்தக் காரின் மூக்கை அடைத்து வைத்திருக்கிறேன் என்று அந்த ஆள் நடு ரோட்டில் நின்று சொல்கிறார். எனக்கு லேசாக உறைத்தது. ஆனால் மதுரைக்காரர் பக்கத்தில் நிற்கிறார். நோட்டில் முதல் வரியில் என் கையெழுத்து இருக்கிறது. பீடிக்காரர் ஒருவர் ஆணியை வைத்து அதைக் குத்துவதா? மூடியைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

“ஒன் இஷ்டம் அண்ணாத்தே,” என்று சொல்லிவிட்டு அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் துணியை நனைத்துப் பம்பில் சுற்றி, இருபது நிமிஷம் நின்று, ஓட்டிக்கொண்டு வந்தோம். ‘வெளி மெக்கானிக்கின் கருத்து: ஏற்கத்தக்கதல்ல’ என்று மதுரைக்காரர் நோட்டில் எழுதினார்.

நேர்முகத் தேர்வு நாளும் வந்தது, ஒரு சனிக்கிழமை. எட்டரைக்குக் கிளம்புவதாகப் பேச்சு. ஆனால் இறுதிச் சோதனை இல்லாமல் ஒரு வண்டியை வெளியே அனுப்பும் வழக்கம் எங்கள் தொழிற்சாலையில் கிடையாது. வாசலில் நிறுத்தி வைத்தபடியே அரை மணி நேரம் இன்ஜினை ஓட விட்டார்கள். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் எவ்வளவு பெட்ரோல் குடித்துவிடும்? அது பாட்டுக்குச் சமர்த்தாக ஓடியது. ‘தகுதி உள்ளது’ என்று மூன்று கையெழுத்து விழுந்தது. மணி ஒன்பது. அவள் கஞ்சி போட்ட சேலையில், சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, அந்த அரை மணி நேரமும் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் நிபுணர்கள் இருவரும் ஒரு வாளி, ஒரு துண்டு, ஒரு புது காயிலோடு ஏறிக்கொண்டார்கள். அவள் கண்ணை மூடிச் சின்னதாக ஜெபம் பண்ணினாள். மரியாதைக்கு அவர்களும் தலையைக் குனிந்தார்கள்.

அம்பத்தூர் ஓ.டி. தாண்டி, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் போகும் சாலையில், ஒன்பது இருபதுக்கு வண்டி திணறியது. குலுங்கியது. நின்றது.

“பம்பு,” என்றார் ஒருவர். “காயில்,” என்றார் இன்னொருவர். வாளியில் கொண்டுவந்த தண்ணீர் குலுக்கலில் பின்சீட்டிலேயே கொட்டிவிட்டிருந்தது.

“ஏங்க, அந்த மூடியைத் திறங்க,” என்றாள் என் மனைவி.

“சும்மா இரு. ஆறட்டும்.”

“ஆற வேண்டாம். மூடியைத் திறங்க. ஒரு தடவை, எனக்காக.”

“அது நான் பண்ணின வேலை! அதுல ஒரு கோளாறும் இருக்காது!” என்று கத்தினேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “உங்க வேலையை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க. மூணு பேரும் சேந்து என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க,” என்று சொல்லிவிட்டு ஃபைலோடு இறங்கினாள். கல்யாணம் ஆகி ஒன்பது வருடத்தில் அவள் என்னை மற்றவர் முன்னால் அப்படிப் பேசியதே இல்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு பஸ் நிறுத்தம் இருந்தது. விடுவிடு என்று நடந்து போய், பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு அங்கே நின்றாள்.

நிபுணர்கள் இருவரும் வாளியை எடுத்துக்கொண்டு, தண்ணீர் கேட்க ஒரு டீக்கடையைத் தேடிப் போனார்கள். நான் தனியாக நின்றேன். காது சுட்டது. அவள் சொன்னது பொய் என்று காட்ட வேண்டும் என்றுதான் பின்னால் போய் மூடியைப் பிடித்துத் திருகினேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.

புஸ்ஸ் என்று ஒரு சத்தம். காற்று உள்ளே பாய்ந்தது. மூடியை மேலே சும்மா வைத்துவிட்டு, ஓடிப் போய்ச் சாவியைத் திருப்பினேன். தொட்டதும் பிடித்துக்கொண்டது.

மணி ஒன்பதரை. முகப்பேருக்கு அங்கிருந்து கால் மணி நேரம் போதும். அவள் இன்னும் நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஹாரனை ஒரு தட்டுத் தட்டினால் திரும்பியிருப்பாள். தட்டவில்லை. வண்டி ஓடுவதைப் பார்த்தால் எப்படி ஓடியது என்று கேட்பாள். கேட்டால், வாளியோடு திரும்பி வரும் இரண்டு பேருக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரிந்தால் திங்கட்கிழமை தொழிற்சாலைக்கே தெரியும். ஓட்டை அடைக்கிற ஆள் சொந்தக் காருக்கு மூச்சை அடைத்த கதையைத் தொட்டி ஓரத்தில் நின்று சிரிப்பார்கள். மூன்று மாதமாகத் தானாக நின்றுகொண்டிருந்த வண்டியை, அன்று நானே அணைத்தேன். மூடியை இறுக்கித் திருகினேன்.

பஸ் வந்தது. கூட்டம். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் அவள் தொற்றி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிபுணர்கள் தண்ணீரோடு வந்தார்கள். துணி சுற்றினார்கள். காயிலையும் மாற்றினார்கள். நான் சாவியைத் திருப்பினேன், வண்டி ஓடியது. “பாத்தீங்களாண்ணே!” என்று மதுரைக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலூர்க்காரர் இது புதுக் காயிலின் வேலை என்றார். முகப்பேர் போகிற வரைக்கும் அதைப் பற்றியே சண்டை.

நாங்கள் பள்ளி வாசலுக்குப் போனபோது அவள் வெளியே வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போயும், அவள் பெயரைக் கூப்பிட்டுக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. “நேரத்துக்கு வரத் தெரியாதவங்க பிள்ளைங்களுக்கு என்னம்மா சொல்லித் தருவீங்க?” என்று தாளாளர் கேட்டாராம். அடுத்து இருந்த பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவள் ஃபைலின் நாடாவைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். பின்சீட்டில் காயில் சண்டையும் நின்றுபோனது.

சாயங்காலம் நான் வீட்டுக்குப் பின்னால் போய், மூடியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஊக்கை எடுத்துப் பசையைக் குடைந்துகொண்டிருந்தேன். அதற்கப்புறம் அந்த வண்டி ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை. ஈரத்துணிக்கும் புதுக் காயிலுக்கும் நோட்டில் பாதிப் பாதிப் பெருமை எழுதப்பட்டது. அன்று சாயங்காலம் ஊக்கு மறுபக்கம் வந்த நேரத்தில் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மூடியைக் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

அவள்தான். கையில் காபி. கண் வீங்கியிருந்தது.

“அந்த மூடியைத் திறந்து பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“பாத்தேன். அதுல ஒண்ணும் இல்ல,” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். காபியை என் பக்கத்தில் வைத்தாள்.

“நான்தான் ஒண்ணும் தெரியாம நடு ரோட்டுல, ரெண்டு பேரு முன்னால வச்சு, உங்களை அப்படிப் பேசிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க,” என்றாள்.

“பரவாயில்ல, விடு,” என்று சொல்லி நான் அவளை மன்னித்தேன்.